பாட்டைப் பிரித்து மேய்தல்

மெல்பர்னின் மல்கிரேவில், மோனாஷ் ஃப்ரீவே நெரிசலில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஒரு பாட்டைக் கேட்பது ஒரு சுகம். வீட்டுக்கு வந்து அதே பாட்டை இசை மென்பொருளில் ஏற்றிப் பிரித்து மேய்வது இன்னொரு சுகம். இசைத் தயாரிப்பு பழக இதைவிட மலிவான குருகுலம் இல்லை.

வழி எளிது. பாட்டின் வேகத்துக்குக் கட்டங்களைப் பொருத்தி, முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று ஆளுக்கொரு வண்ணம் பூச வேண்டும். பிறகு எந்தக் கருவி எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று குறிக்க வேண்டும். விலகும் இடங்களில்தான் வித்தை இருக்கிறது.

இளையராஜாவின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ (தளபதி, 1991) பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அத்தனை வயலின்களும் குத்தாட்டத் தாளமும் பாய்ந்து வரும் பாட்டு, நடுவில் அப்பரின் தேவாரத்துக்கு வழிவிடுகிறது. ஆட்டம் அடங்குவதால்தான் அந்தப் பக்தி காதில் விழுகிறது. 2002இல் பிபிசி உலக சேவை நேயர்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்களில் இதற்கு நான்காம் இடம்.

ஏ.ஆர். ரஹ்மானின் ‘ராசாத்தி’ (திருடா திருடா, 1993) இன்னும் துணிச்சல். ஷாகுல் ஹமீதும் கோரஸும்தான். கருவிகளின் வேலையையும் குரல்களே பார்த்துக்கொள்கின்றன. டிராக் மேல் டிராக் அடுக்கியும் பாட்டு நிறையவில்லையே என்று தவிப்பவர்களுக்கு அது நல்ல மருந்து.

கடைசியில் பிரித்து மேய்ந்த பாட்டின் மெட்டை அழித்துவிட்டு, வண்ணக் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு நம் மெட்டை அதில் உட்கார்த்திப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ, அங்கே நம் பாடம் தொடங்குகிறது.