தோனி அவுட்டான பிறகு

சர்வர் ட்யூனிங் ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒற்றை மெஷினைப் பிழிந்து சாறெடுப்பவர்கள் ஒரு பக்கம். 2021-இல் மார்க் ரிச்சர்ட்ஸ், நாலு விசிபியு அமேசான் மெஷின் ஒன்றில் நொடிக்கு 2.24 லட்சமாக இருந்த ரிக்வெஸ்ட்டை 12 லட்சத்துக்கு ஏற்றியதைச் சொன்னால், தனி ஆவர்த்தனம் கேட்ட மாதிரித் தலையாட்டுவார்கள். வித்தைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைக்குப் பயந்து போட்ட பூட்டையெல்லாம் கழற்றிவிட்டு, யார் வந்து கேட்டாலும் 'ஹலோ வேர்ல்டு' என்று மட்டுமே சொல்லும் சர்வர் அது.

பல மெஷின்களைச் சேர்த்துக் கூட்டத்தைத் தாங்குபவர்கள் மறுபக்கம். அவர்களுக்கு ஒரு தேதி போதும்: 2019 ஜூலை 10. மான்செஸ்டரில் நியூஸிலாந்துடன் இந்தியாவின் உலகக் கோப்பை அரையிறுதி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு செல்போனுக்கு நாலு தலை எட்டிப் பார்த்திருந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான்.

நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் ஏறும்போது, சிபியு திணறுவதைப் பார்த்துப் புது மெஷினைக் கிளப்பினால் வேலைக்காகாது. அது எழுந்து நிற்பதற்குள் இன்னும் பல லட்சம் பேர் வாசலில் நிற்பார்கள். அதனால் ஹாட்ஸ்டார்காரர்கள் அமேசானின் தானியங்கி ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டு, ஆள் எண்ணிக்கையை வைத்தே ஏணி கட்டினார்கள். முன்னோட்டமாக, 'ஹல்க்' என்று பேர் வைத்து, 36 விசிபியு மெஷின்களை ஆயிரக்கணக்கில் ஏவித் தங்கள் சர்வர்களையே மொத்திப் பார்த்திருந்தார்கள்.

ரசிகன் சொக்கிப்போவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்.

மார்ட்டின் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட். 72 பந்தில் 50. மனசு உடைந்த கூட்டம் பேக் பட்டனைத் தட்டியது. போனை அணைத்திருந்தால் பரவாயில்லை, முகப்புப் பக்கத்துக்கல்லவா வந்து நின்றது! வீடியோவை, ஊருக்கு ஊர் நகல் வைத்திருக்கும் சிடிஎன் தாங்கிக்கொள்ளும். முகப்போ ஆளுக்கொரு பரிந்துரை, விட்ட இடத்திலிருந்து பார்க்கும் வசதி என்று பல ஏபிஐகளைக் கூப்பிடும். அதுவரை லேசாக ஓடிய சர்வர்கள் மீது அத்தனை பாரமும் ஒரே மூச்சில். இதையும் முன்பே எண்ணி மெஷின்களைத் தயாராக வைத்திருந்தார்கள். மிஞ்சினால் பரிந்துரையை அணைத்துவிட்டு வீடியோவையும் சந்தாவையும் காப்பாற்றும் ஏற்பாடும் இருந்தது. மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவை மேடையேற்றிய புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த இறக்கத்துக்கு விளக்கவுரை வேண்டாம். மோரா முடிந்து இடத்தில் விழுகிற கணத்தில்தானே கணக்கின் பரீட்சை!

பிரவுசிங் சென்டர் காலத்தில், பரீட்சை ரிசல்ட் அன்று வெள்ளைத் திரையைப் பார்த்து விசும்பிய பிள்ளைகள் உண்டு. அன்று நினைத்தவுடன் மெஷின் கிடைக்காது, மன்னிக்கலாம். இன்று கேட்ட நிமிடத்தில் கிடைக்கிறது. எனவே ஒரு பக்கத்துக்கு நாற்பது ஏபிஐயைக் கூப்பிடுவது, சுணங்கினால் 'இன்னும் ரெண்டு மெஷின் போடு' என்பது. பேக் பட்டனை ஒருமுறை தட்டினால் எத்தனை கூப்பாடு கிளம்புகிறது என்று உட்கார்ந்து எண்ணுகிற ஆட்கள்தான் அருகிவிட்டார்கள்.