அரும்பொருள் வேட்டையும் வயதும்: கணினி விளையாட்டில் நேரத்தின் பெறுமதி

கணினி விளையாட்டுக்களை ஆராயப் புகுவோர் அவற்றின் கதையையும் வன்முறைச் சித்திரிப்பையுமே பெரிதும் பேசுகின்றனர். ஆனால் விளையாடுவோரின் நேரத்தில் பெரும்பகுதி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதிற் கழிகின்றது. இதனை அவர்கள் 'கிரைண்டிங்' என்பர். அரைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். அரைப்பது 'லூட்' எனப்படும் அரும்பொருளுக்காக.

2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' இதற்குத் தக்க சான்றாகும். அதிலுள்ள 'இன்வின்சிபிள்' என்னுங் குதிரை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்பர்; ஒரு பாத்திரத்தைக் கொண்டு வாரத்துக்கு ஒரு முறையே முயலலாம். 52 வாரம் தவறாது முயன்றாலும் நூற்றுவரில் ஏறத்தாழ 59 பேர் வெறுங்கையுடனேயே நிற்பர். மாதச் சந்தா செலுத்துவோரை விலகவிடாது வைத்திருக்கும் பொறிமுறை இதுவேயாம்.

அன்று மாணவராயிருந்தோர் இன்று நாற்பதை அண்மிவிட்டனர். அரைத்தலில் அவர்களுக்கு ஏற்பட்டுள்ள சலிப்பை 'நேரமின்மை' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். இது பொய்யன்று, போதாது. வேதனம் பெறாத மாணவனின் மணித்தியாலத்துக்குச் சந்தையில் விலையில்லை. ஆகவே அதனை அவன் தாராளமாகச் செலவிட்டான். கிடைத்த பொருள் தோழரிடையே அவனுக்கு மதிப்பைத் தந்தது. வேதனம் பெறத் தொடங்கியவன் ஓய்வையும் வேதனத்தின் அளவுகோலாலேயே அளக்கக் கற்றுக்கொள்கிறான். "இந்த மூன்று மணித்தியாலத்தில் எனக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்வி தொழிற்சாலையிலிருந்து விளையாட்டுக்குள் வந்த கேள்வியாகும். வயது இங்கு உடலியற் காரணியாகவன்றி, உற்பத்தி உறவில் ஒருவர் வகிக்கும் இடத்தின் மறுபெயராகவே தொழிற்படுகின்றது என்பது எமது கருத்து.

கம்பனி இதனை விமரிசகருக்கு முன்னரே உணர்ந்துகொண்டது. 2014இல் 90ஆம் படிக்கு நேரே ஏறும் உரிமை 60 டொலருக்கு விற்கப்பட்டது. சலிப்பைத் தயாரித்தவரே சலிப்பிலிருந்து விடுதலையையும் விற்றனர்! 2015இல் 'டோக்கன்' வந்தது. பணமுள்ளவர் அதனை 20 டொலருக்கு வாங்கி விளையாட்டுத் தங்கத்துக்கு விற்பார். நேரமுள்ளவர் அரைத்துச் சேர்த்த தங்கத்தால் அதனைப் பெற்று ஒரு மாதம் விளையாடுவார். அம்மாதத்தின் வழமையான சந்தா 15 டொலர். மிகுதி யாரிடஞ் சேர்ந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்னர் அத்தங்கம் வந்த வழியும் நோக்கற்பாலது. 2007இல் ஜூலியன் டிபெல், சீனாவின் நான்ஜிங் நகரப் பட்டறையொன்றில் இளைஞர் இரவிரவாகப் பன்னிரண்டு மணித்தியாலம் அரைத்து, மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்கச் சதம் பெற்றதைப் பதிவுசெய்தார். மேற்குலக நடுத்தர வர்க்கத்தினர் தம் ஓய்வுக்கு வாங்கிய சுருக்கவழி, அவ்விளைஞர்களின் இரவு வேலையாக இருந்தது. வீரர்களின் 'முதிர்ச்சி' பற்றிப் பேசுவோர் இவ்விளைஞர்களைக் காண்பதில்லை.

எனினும் அரைத்தல் அனைத்தையும் போலிப் பிரக்ஞை என ஒதுக்கும் நம்மவர் சிலரின் போக்கு எமக்கு உடன்பாடன்று. 2019இல் பழைய வடிவம் 'கிளாசிக்' எனத் திரும்பியபோது, சுருக்கவழியற்ற அந்த நெடும்பாதையைத் தேடி வந்தவருள் வயதானோர் பலர். செயல்திறன் கணக்குக் கேட்கப்படாத நேரமொன்றை அவர்கள் நாடினர் எனலாம். அந்நாட்டம் மதிக்கத்தக்கது. அதன் தொடர்ச்சியான 'ரோத் ஒவ் த லிச் கிங் கிளாசிக்'கினுள் 2023 மே மாதத்தில், எதிர்ப்புக்கிடையே, அதே டோக்கன் புகுத்தப்பட்டது.