வாய்த்த துப்பாக்கியும் வாராத மருந்தும்

படைக்கலம் ஒருவன் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவை நம் இலக்கிய ஆராய்ச்சியாளர் மிகுதியாக எழுப்பினாரல்லர். வீரன் அதனை எவ்வாறு ஏந்தினான், யாரை வென்றான், எங்கு வீழ்ந்தான் என்பனவே விரிவாகப் பேசப்பட்டுள்ளன. வேலும் வாளும் பற்றிய பாடல்களைக் கற்கும்போது இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. துப்பாக்கி நம் கதைகளுள் புகுந்த பின்னரோ, இவ்வினாவை விடுத்துக் கதையின் பொருளை முற்ற உணர்தல் அரிது. அரியதொரு படைக்கலம் எதிர்பாராது கைக்கு வாய்த்தலைப் 'படைப்பேறு' என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அப்பேறு நம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் பெற்ற இடத்தை ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

1. செய்தலும் அருளலும்

பழந்தமிழ்ப் பாடல்களில் படைக்கலத்தின் பிறப்பிடம் கொல்லன் உலைக்களம். பொன்முடியார் பாடிய புறப்பாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகள் கூறப்படுமிடத்து, வேலை வடித்துத் தருதல் கொல்லனின் கடமையாக வைக்கப்படுகிறது. ஊரும் உறவும் அரசும் கூடி ஒரு வீரனை ஆக்கும் முறைமையில் அவ்வேலும் ஓர் உறுப்பு. அது விலைக்கு வாங்கியதன்று, வழியிற் கண்டெடுத்ததுமன்று.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டால் அறிகிறோம். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் விளங்குகின்றன. அதியமானுடையவையோ நுனி முரிந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்த பாட்டு என்று இதனைக் கொள்வர். அஃது ஒக்கும். யாம் ஈண்டுக் குறிக்க விரும்புவது பிறிதொன்று. முரிந்த வேலைச் சீர்செய்யும் கொல்லன் அதியமானின் ஊரிலேயே இருக்கிறான். படை செய்வாரும் செப்பஞ் செய்வாரும் படை ஏந்துவாரும் ஒரு நாட்டினர் என்னும் உண்மையை அப்பாட்டு ஆரவாரமின்றி உணர்த்துகிறது.

காப்பியங்களில் வேறொரு நெறி தோன்றுகிறது. கம்பர் பாடிய பாலகாண்டத்தில் விசுவாமித்திரன் இராமனுக்குத் தெய்வப் படைகளை வழங்குகிறான். வில்லிபாரதத்து அருச்சுனன் தவநிலைச் சருக்கத்தில் தவத்தின் பயனாகப் பாசுபதம் கிடைக்கிறது. இவை செய்யப்பட்டவை அல்ல; அருளப்பட்டவை. கொடுப்போன் யாவன், பெறுவோன் என்ன தகுதியால் பெற்றான் என்பன இங்குத் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே செய்தல், அருளல் என்னும் இருநெறிகளிலும் படைக்கலத்தின் வழி மறைக்கப்படவில்லை என்க.

2. சொற்களின் சான்று

துப்பாக்கியின் வரலாறு இவ்விருநெறிக்கும் புறம்பானது. அச்சொல்லே வந்தேறியது. துருக்கி மொழியின் 'துஃபெக்' என்பதனோடும் பாரசீகத்தின் 'துஃபங்கு' என்பதனோடும் உறவுடைய சொல் அது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி' எனவும் 'துபாக்கி' எனவும் வழங்குகிறது. வலிமை என்று பொருள்படும் 'துப்பு' என்னும் பழஞ்சொல்லினின்று இதனைப் பிறப்பிக்க முயல்வாரும் உளர். ஒலி ஒப்புமை ஒன்றே அதற்குத் துணை. 'பீரங்கி' என்பதும் ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் சொல்லின் வழிவந்தது. கருவிக்கு அதனைக் கொணர்ந்தவன் பெயரே பெயராயிற்று.

ஆனால் துப்பாக்கியுள் இடப்படும் பொடிக்குத் தமிழர் அயற்சொல்லை நாடவில்லை. 'மருந்து' என்றனர். நோய் நீக்குவதையும் சாவை விலக்கும் அமிழ்தையும் குறித்த சொல், சாவைத் தருவதற்கும் பெயராயிற்று. இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப்பட்டுப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. தமிழர் 'மருந்து' என்பதனைத் தெலுங்கர் 'மந்து' என்பர். அச்சொல்லும் நோய் மருந்து, வெடிமருந்து என்னும் இரண்டனையும் குறிக்கும். கருவியின் பெயரை அயலாரிடமிருந்து பெற்ற இருமொழியாளரும், கருவிக்கு உயிர் தரும் பொருளுக்குத் தம் சொல்லையே வழங்கினர். துப்பாக்கியின் உயிர் மருந்தில் உள்ளது என்பதனை மக்கள் வழக்கு நன்குணர்ந்திருந்தது போலும்.

3. தொண்டைநாட்டுக் கரையில்

பள்ளிப்பட்டைக் கூறியது எடுத்துக்காட்டிற்காக மட்டுமன்று. கார்வேட்டிநகரத்துப் பாளையத்தை அடுத்த இவ்வூர் வழியாகப் பாயும் கொசத்தலையாறு எண்ணூரில் கடலொடு கலக்கிறது. அதற்கு வடக்கே பழவேற்காடு. அங்கு ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். பதினேழாம் நூற்றாண்டில் வெடிமருந்துச் சாலையும் நடத்தினர். அங்குச் செய்த மருந்து படேவியா முதலிய அவர்தம் கீழைக் குடியேற்றங்களுக்குக் கப்பலில் சென்றது. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றன் கலவை அது. கரி எங்கும் கிடைக்கும். வெடியுப்பை உவர்மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கலாம். கந்தகமோ பெரும்பாலும் கடல்வழி வந்த சரக்கு. ஆதலின் துப்பாக்கியை நாட்டுக் கொல்லன் அடித்துத் தரினும், அதன் மருந்துக்கு வணிகன் வேண்டும். வணிகனுக்குத் துறைமுகம் வேண்டும். அதியமானின் கொல்லன் கொட்டிலுக்கும் பழவேற்காட்டு மருந்துச் சாலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது வீரனின் ஊரில் உள்ளது. பின்னது பிறன் கோட்டையுள் உள்ளது.

பள்ளிப்பட்டு நம் ஆராய்ச்சிக்கு மற்றொரு வகையிலும் வாயிலாகிறது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. அவ்வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம. பொ. சிவஞானம் அவர்களே கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதி, அவன் புகழை நாடெங்கும் பரப்பியவர். வட எல்லைக்குப் போராடியவர் தென்கோடிப் பாளையக்காரனின் கதையை நாட்டுக்கு எடுத்துரைத்தார். படைப்பேறு பற்றிய நம் வினாவுக்கு மிகத் தெளிவான விடை தருவதும் அப்பாஞ்சாலங்குறிச்சியே.

4. பாஞ்சாலங்குறிச்சியின் இரு பேறுகள்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த வரலாறே ஒரு நற்பேற்றுக் கதை. முயலொன்று வேட்டை நாய்களை எதிர்த்துத் துரத்திய மண் எனக் கண்டு அவ்விடத்தில் கோட்டை கட்டினர் என்பர். சக்கம்மாளின் அருளும் கதைப்பாடல்களில் பேசப்படுகிறது. வெற்றி மண்ணின் பேறு, தெய்வத்தின் அருள் என்னும் உணர்வு அக்கதை மரபில் ஊறியுள்ளது.

வரலாறு காட்டும் பேறு வேறு. வீரபாண்டியக் கட்டபொம்மன் பட்டம் எய்துவதற்கு முன்னர், 1783 ஆகத்துத் திங்களில், கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைக் கைப்பற்றினார். கோட்டையுள் பீரங்கிகளும் மருந்தும் குண்டும் 40,000 வராகனும் கிடைத்தன. அவற்றோடு கொழும்பிலிருந்த ஒல்லாந்த அரசுக்கும் பாளையக்காரனுக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கையின் மூலமும் அகப்பட்டது. புல்லர்ட்டனே இதனைத் தம் நூலில் எழுதியுள்ளார். தூத்துக்குடி ஒல்லாந்தரின் துறைமுகமாக விளங்கியது; அவர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர் மூண்டிருந்தது. பாளையக்காரனுக்கு இது நல்லதொரு வாய்ப்பு. பகைவனின் பகைவன் அருகிலேயே துறைமுகம் வைத்திருந்தான். ஆயின் அவ்வாய்ப்புக்கு ஓர் உடன்படிக்கை விலையாக இருந்தது. அவ்வுடன்படிக்கையே பின்னர் அவன்மேற் சாட்டப்படும் குற்றத்திற்குச் சான்றாகவும் ஆயிற்று.

1795-இல் தூத்துக்குடி ஆங்கிலேயர் வசமாயிற்று. கடல் வாயில் அடைபட்டது. இதன் பின்னரே இரண்டாவது பேறு நிகழ்கிறது. கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாளையங்கோட்டையில் சிறையிருந்த அவன் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தோரும் 1801 பிப்பிரவரி 2 அன்று தப்பினர். கும்பினி அதிகாரிகள் விருந்துண்டிருந்த வேளை அது. காவலரின் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு 30 மைல் தொலைவை அவ்விரவே கடந்தனர். வழியில் நின்ற காவல் நிலைகளில் ஏறத்தாழ நூற்றுவரிடமிருந்து படைக்கலம் கவர்ந்தனர் என்று அப்போரில் நேரிற் கலந்துகொண்ட வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் எழுதுகிறார். இதனினும் பெரிய படைப்பேறு தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது. ஆயினும் 1801 மார்ச்சு 31 அன்று கும்பினிப் படை கோட்டைச் சுவரை உடைத்து ஏறியபோது, அவ்வுடைப்பை அடைத்து நின்று அதனைத் திருப்பியவை முதன்மையாகப் பதினெட்டடி, இருபதடி நீண்ட ஈட்டிகள் என அவரே வியந்துரைக்கிறார். கவர்ந்த துப்பாக்கி கையிலிருக்கவும், நாட்டுக் கொல்லன் வடித்த ஈட்டியே உற்றுழி உதவிற்று. மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலையே கும்பினி அரசு தடைசெய்தது.

இனிக் கட்டபொம்மனின் ஓவியங்களையும் சிலைகளையும் நோக்குக. வாளேந்திய வீரனையே காண்கிறோம். 1959-இல் வெளிவந்த திரைப்படத்திலும் மக்கள் உள்ளத்தில் நின்றது வரி பற்றிய உரையாடலே. ஒல்லாந்தனிடம் பெற்ற மருந்தைப் பொதுநினைவு ஏற்கவில்லை. அருளல் என்னும் காப்பிய நெறிக்குள் இக்கதையை மக்கள் பொருத்திக்கொண்டனர். விலை கொடுத்துப் பெற்ற செய்தி அந்நெறிக்குள் அடங்காமையின் உதிர்ந்தது. இது மறதியன்று, கதை மரபு செய்த தேர்வு என்பது எம் கருத்து.

5. பிற்காலச் சான்றுகள்

இத்தேர்வு அந்நூற்றாண்டோடு முடியவில்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சித்தலைவர் ஆஷைச் சுட்டது பெல்சிய நாட்டில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அவனுக்குச் சுடும் பயிற்சி கிடைத்தது பிரஞ்சுப் புதுச்சேரியில், வ. வே. சு. ஐயரிடம். ஒல்லாந்தரின் தூத்துக்குடி போல இங்கும் பிற ஐரோப்பியரின் துறைமுகமே வாயிலாயிற்று. ஐயரோ திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனை ஆராய்ந்தவர். படைக்கலம் அறிந்த அப்பேரறிஞரின் பெயரை நிலைநாட்டிய சிறுகதை 'குளத்தங்கரை அரசமரம்'. அதில் மணவாழ்வின் துயரம் உண்டு, துப்பாக்கி இல்லை.

வங்கத்தில் நிகழ்ந்த இரு செய்திகள் எம் கருத்தை உறுதிசெய்யும். 1914 ஆகத்து 26 அன்று கல்கத்தாவில் ரோடா என்னும் படைக்கல வணிக நிலையத்தின் எழுத்தர், சுங்கத்திலிருந்து 202 பெட்டிகளை மீட்டு 192-ஐ மட்டும் நிலையத்திற் சேர்த்தார். எஞ்சிய 10 பெட்டிகளில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை புரட்சியாளர் கைக்குச் சென்றன. அதன்பின் 54 வழக்குகளில் அத்துப்பாக்கிகள் பயன்பட்டமையை 1918-இல் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை கூறுகிறது. 1930 ஏப்ரல் 18 அன்று சூரிய சென் தலைமையில் சிட்டகாங்கு வீரர்கள் துணைப்படையின் படைக்கொட்டிலைக் கைப்பற்றினர். லூயிசு இயந்திரத் துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றிற்குரிய தோட்டாக்கள் கிடைக்கவில்லை. காவற்படையினரிடம் கவர்ந்த எளிய துப்பாக்கிகளோடு நான்கு நாள் கழித்து அவர்கள் சலாலாபாத்துக் குன்றில் போரிட நேர்ந்தது. முன்னதில் மருந்தோடு வந்த துப்பாக்கி. பின்னதில் மருந்தின்றி வாய்த்த துப்பாக்கி. துணிவிலும் தியாகத்திலும் இருசாராரும் குறைந்தவரல்லர். வேறுபாடு பேற்றின் நிறைவிலும் குறையிலும் உள்ளது.

6. ஒரு மறுப்பும் விடையும்

'கதைப்பாடல் கணக்கேடு ஆகுமோ? மருந்து வாங்கிய விலைச்சீட்டைப் பாவலன் காட்டவேண்டுமோ?' என்று சிலர் வினவக்கூடும். வேண்டா. மக்கள் பாடலை வரலாற்று ஏட்டின் அளவுகோலால் அளத்தல் முறையன்று. அருள் பற்றிய நம்பிக்கை போரிட்டாரின் உள்ளத்தைத் தாங்கிய மெய்ம்மை என்பதையும் யாம் மறுக்கவில்லை. எல்லாக் கதைப்பாடல்களும் ஒரு தன்மையன என்று கூறவும் முனையவில்லை.

ஆயினும் ஆராய்ச்சியாளன் பாவலனின் தேர்வை அறியாது தானும் அதன்பாற் படுதல் கூடாது. வாய்த்த படையைப் பேறு என்று மட்டும் எழுதினால் இரு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, தோல்விக்குக் காரணம் தேடும்போது காட்டிக்கொடுத்தவன் ஒருவனையே கண்டு அமைதி கொள்கிறோம்; அடைபட்ட துறைமுகம் நம் கண்ணிற் படுவதில்லை. மற்றொன்று, ஈட்டி வடித்த கொல்லனுக்கு உரிய புகழைப் பறித்த துப்பாக்கிக்குத் தந்துவிடுகிறோம். பொருள் செயல்வகை கூறுமிடத்து வள்ளுவர் பகைவரின் செருக்கை அறுக்கும் கூரிய படை பொருளே என்கிறார். படைக்குப் பின் நிற்கும் பொருளை நோக்கும் அக்கண் திறனாய்வுக்கும் தேவை.

ஔவையார் பாட்டுக்கு மீள்வோம். அவர் தொண்டைமானின் படைக்கொட்டிலைக் கண்டபோது, ஒளிவீசும் வேல்களை வியந்து நின்றாரல்லர். அவை பயன்பட்டனவா, எங்குச் சீர்செய்யப்படுகின்றன என்பதனையே எண்ணினார். அவர் வந்து நின்ற தொண்டைநாட்டின் வடகோடியிலுள்ள பள்ளிப்பட்டிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பாளையக்காரர் காலத்துக் கதைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் திரட்டப் புகும் இளம் ஆராய்ச்சியாளர்க்கு அப்பார்வையையே யாம் பரிந்துரைக்கிறோம். துப்பாக்கி வாய்த்த கதையை முதியோர் சொல்லும்போது முழுவதும் கேட்க. கேட்டு முடிந்தபின், 'மருந்து எங்கிருந்து வந்தது?' என்னும் ஒரு வினாவையும் உடன் வினவுக. அவர் தரும் விடையும், விடை தராது அடங்கும் அடக்கமும் ஒருங்கே குறித்துக்கொள்ளத் தக்கன.