அரிப்புக் கரையின் கணக்கும் கடுதாசியும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், அரிப்பில் கடல் அரித்து இடிந்து நிற்கும் செங்கல் மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். ராணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிக்கொண்ட வீடு அது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் அக்காலத்தில் இக்கரையிலிருந்து புறப்பட்ட கடிதம் இரண்டு சுமைகளைத் தூக்கியது: பணம், வீட்டுச் செய்தி. அதைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக எடுப்பவை பெர்சிவல் (1803), கோர்டினர் (1807), பெர்டொலாச்சி (1817) ஆகியோரின் நூல்கள். லண்டனில் அச்சான இம்மூன்றும் ஒருவகையில் ஊருக்கு எழுதிய நீண்ட கடிதங்களே. இரண்டு சுமைகளில் எதற்கு எந்த நூலை நம்பலாம் என்பதே கேள்வி.

பெர்சிவல் படைவீரர். விறுவிறுப்பாக எழுதுவார், ஆனால் கேட்டதையும் கண்டதையும் ஒரே தட்டில் வைப்பார். 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் நீருக்குள் முழுதாக ஆறு நிமிடம் இருந்தார் என்கிறார். கோர்டினரோ ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எவரும் தாங்கவில்லை என்கிறார். முத்துப்பாரில் குளித்தவர்களின் பிள்ளைகளைக் கேட்டால் யார் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மூச்சுக் கணக்கில் தளர்ந்தவரின் பணக்கணக்கையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது.

கோர்டினர் கொழும்புக் காவற்படையின் குருவானவர், பாடசாலைகளுக்கும் தலைவர். 1804ஆம் ஆண்டுக் குளிப்பை யாழ்ப்பாணத்தார் ஒருவர் குத்தகைக்கு எடுத்ததை எண்களோடு தருகிறார்: 30 நாள், 150 தோணி, 3,00,000 பரங்கிப்பேட்டை வராகன், அதாவது 1,20,000 பவுண்டு. வகுத்துப் பாருங்கள். தோணிக்கு 2,000 வராகன், வராகனுக்கு 8 சில்லிங். குத்தகைக்காரர் சில தோணிகளின் உரிமையை 3,000 வராகனுக்கும் வேறு சிலவற்றை 2,500க்கும் விற்று, பெரும்பகுதியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார் என்று தொடர்கிறார். எண்கள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. விற்ற தோணியில் 500 அல்லது 1,000 வராகன் அப்போதே கைக்கு வந்துவிடுகிறது. விற்காத தோணிகளின் ஆதாயம் சிப்பியைத் திறந்தால்தான் தெரியும். வாசகரே கணக்குப் போட்டுச் சரிபார்க்க இடம்தரும் எழுத்து இது. இதையே நான் முறை என்பேன்.

குறையும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவு பணம் மூட்டையாகத் தபால் ஓட்டக்காரரின் தோளில் போகாது, தாளாகத்தான் போகும். கொழும்பிலிருந்து சென்னைக்கான தபால் மன்னார் வழியே வந்து, தோணியேறி இராமேஸ்வரம் போனது. ஐரோப்பியர் மாற்றுச்சீட்டை மூன்று படியாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். மற்ற இரண்டும் செலுத்தப்படாதிருந்தால் மட்டும் இதற்குப் பணம் கொடு என்பது ஒவ்வொன்றின் வாசகம். வணிகரின் உண்டியலிலும் படி எழுதும் வழக்கம் உண்டு. எந்தக் கையெழுத்தின் பேரில் வராகன் கடல் கடந்தது என்பதில் கோர்டினரின் பேனா தங்கவில்லை. சுறாவைக் கட்டும் கடல்கட்டியின் மந்திரத்தில் தங்கிய அளவுகூட இல்லை.

அந்த இடத்தை நிரப்புபவர் பெர்டொலாச்சி. சுங்கத்திலும் கணக்காய்விலும் பழுத்த அதிகாரி, நடை வறட்சி. ஆனால் இறைசால் என்ற இலங்கை நாணயம் ஏன் மதிப்பிழந்தது, இந்தியாவோடும் இங்கிலாந்தோடும் நாணய மாற்று எப்படி ஓடியது என்பதற்கு அவரை விட்டால் ஆளில்லை. சம்பளத்தை இறைசாலில் வாங்கி வீட்டுக்குப் பவுண்டில் அனுப்பியவனின் நட்டம் அவருடைய பக்கங்களில்தான் விளங்குகிறது. 1825இல் இறைசாலை 18 பென்ஸ் என்று நிறுத்தியபோது அந்தக் கதை முடிந்தது.

வீட்டுச் செய்திக்கு வந்தால் மூன்று நூலும் கைவிரிக்கின்றன. பொதுவாசகருக்கு எழுதியவர்களிடம் அந்தரங்கம் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். அப்படியானால் அவற்றைக் கொண்டு அக்காலக் குடும்பங்களைப் பற்றி எழுதுவோரை நிறுத்த வேண்டும். அதற்கு வேறு வகை ஏடு இருக்கிறது. வடக்கே உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோவின் கடிதங்களைச் சேர்த்து 1835இல் நினைவுநூல் வந்தது. பக்தி மிகுதியும் பதிப்பித்தவரின் கத்தரிக்கோலும் அதன் குறைகள். ஆனாலும் மாதக்கணக்கில் மிதந்துவரும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கும் வீட்டை அதில் பார்க்கலாம். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் 1832இல் அங்கே இறந்தான். தாய் 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தார். மகனின் சாவுச் செய்தி கடல் கடந்து வர ஜோர்ஜியக் காலத்தின் வாலில் விழுந்த இந்தச் சிறு இடைவெளிதான் இருந்தது என்று எண்ணிப் பார்த்தால், அது தபாலின் வேகத்தைப் பற்றி எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அதிகம் சொல்கிறது.

அரிப்பையடுத்த கொண்டச்சியில் கொட்டில் போட்டுக் கிடந்த கீழக்கரைச் சம்மாட்டிக்கும் தூத்துக்குடிக் குளியாளிக்கும் இந்தத் தாள்களில் இடமில்லை. அவர்கள் வீட்டுக்குச் செய்தி போன வழி, அக்கரைக்குப் போகும் தோணிக்காரரின் வாய்தான் என்று ஊகிக்கலாம். ஊகம் சான்றாகாது.

ஆகவே குத்தகைக்கும் கரை நடப்புக்கும் கோர்டினரை முதலில் வையுங்கள், நாணய மாற்றுக்குப் பெர்டொலாச்சியை. பெர்சிவலின் ஒவ்வொரு எண்ணையும் இன்னொன்றோடு ஒப்பிட்ட பின்பே எடுங்கள். குடும்பத்துக்கு இம்மூன்றில் ஒன்றும் போதாது.