நான் பார்த்துக்கிறேன்

இரவில் சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் கிரிக்கெட் பையோடு ஒரு பையனாவது கண்ணில் படுவான். சென்னையில் செலக்‌ஷன் இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு டிவிஷன் லீக் ஆட்டம். அண்மையில் நான் பார்த்தவனுக்குப் பதினேழு வயது இருக்கலாம். அவன் தோளில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்று அவனுடையது. இன்னொன்று முன்னால் கைவீசி நடந்துபோன சீனியருடையது. வழியனுப்ப வந்த அப்பா தயங்கித் தயங்கி, "பையனக் கொஞ்சம் பாத்துக்கோங்க தம்பி" என்றார். "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார் சீனியர், திரும்பிப் பார்க்காமலே.

நம் ஊர் ஆண்கள் கிரிக்கெட் இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடுகிறது. விண்ணப்பம் கிடையாது, ரசீது கிடையாது. யாரோ ஓர் அண்ணன் பார்த்துக்கொள்வார்.

இதைப் பழிப்பதற்கு முன் இது சாதித்ததைச் சொல்லியாக வேண்டும். சின்னப்பம்பட்டியில் அப்பா கூலி வேலை, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை என்றிருந்த வீட்டிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் வந்தார். இருபது வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைப் பார்த்துக்கொண்டார், சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றிக்குத்தான் நடராஜன் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார். நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல், பிறகு விஜய் கிளப், பிறகு மேட்டூரில் ஆலை வைத்திருக்கும் சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ். 2015-ல் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்தை எறிகிறார் என்று புகார் வந்தது. பலருக்கு அத்தோடு கதை முடிந்திருக்கும். அவரைக் கைவிடாமல் உட்காரவைத்துக் கையைத் திருத்தினார்கள். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. எந்த அரசுத் திட்டமும் இவ்வளவு பொறுமையாக ஒரு பையனோடு நடந்திருக்காது.

அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளும் ஈரம் உண்டு. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் டி20 தொடர் நாயகன் விருதை வாங்கிய ஹர்திக் பாண்டியா, அதை நடராஜன் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொடரை வென்றபோது கேப்டன் ரஹானே கோப்பையையும் அவரிடமே நீட்டினார். அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு, காயத்தால் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் ஓர் அணி அப்படி எழுந்தது திறமையால் மட்டும் அல்ல. ஒருவருக்காக ஒருவர் நிற்கும் பழக்கம் அது.

அதே பயணத்தின் மறுபக்கம் இது. நடராஜனுக்கு ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோதே, 2020 நவம்பரில், பெண் குழந்தை பிறந்தது. முதலில் நெட் பவுலராகத் தேர்வான அவர், அமீரகத்திலிருந்து நேரே ஆஸ்திரேலியாவுக்குப் போனார். குழந்தையைப் பார்க்க ஜனவரி பிற்பகுதி வரை காத்திருந்தார். முதல் டெஸ்ட் முடிந்ததும் கோலி தன் குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார். ஆளுக்கொரு சட்டமா என்று கவாஸ்கர் அப்போதே எழுதினார். கொரோனா தனிமைப்படுத்தல் விதிகள் இருந்த காலம், உண்மைதான். கோலி போனதில் தவறும் இல்லை, எல்லோரும் அப்படிப் போகவேண்டும். ஆனால் நெட் பவுலராக இருப்பவன் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான் என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவரைத் தூக்கிவிட்ட நன்றிதான் அவர் வாயைக் கட்டும் கயிறும். சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் ஊர்வலம் விட்டோம், மேளம் அடித்தோம். குழந்தை முகத்தை இத்தனை நாள் கழித்தா பார்க்கிறாய் என்று நாம் யாரும் கேட்கவில்லை. தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

வாய் கட்டியிருப்பதன் இன்னொரு அடையாளம் சிரிப்பு. 2022-ல் சுழற்பந்து வீச்சாளர் யுஸ்வேந்திர சாஹல் ஒரு கதை சொன்னார். 2013-ல், மும்பை அணியில் இருந்தபோது, பெங்களூரு ஓட்டலில் குடிபோதையில் இருந்த சக வீரர் ஒருவர் தன்னைப் பதினைந்தாவது மாடி பால்கனியிலிருந்து வெளியே தொங்கவிட்டாராம். சுற்றி இருந்தவர்கள் ஓடிவந்து இழுத்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்து மயக்கம் தெளிவித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. சொன்னபோதும் பேர் சொல்லவில்லை. எதிரே அஷ்வின் உட்கார்ந்திருந்த அரட்டையில், வேடிக்கைக் கதை போலவே சொன்னார். கறுப்பு நிறத்துக்காக வாங்கிய பேச்சுகளைத் தமிழ்நாட்டு வீரர்கள் அபினவ் முகுந்த் 2017-லும், எல்.சிவராமகிருஷ்ணன் 2021-லும் வெளியே சொன்னார்கள். சிவராமகிருஷ்ணன் டெஸ்ட் ஆடியது எண்பதுகளில்.

எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். டென்னிஸ் பந்து ஆடிய காலத்தில், சங்ககிரிப் பக்கம் ஒரு போட்டியில் தோற்றுத் திரும்பும்போது, கேட்ச் விட்ட புதுப் பையனை எங்கள் சீனியர்கள் நடுவழியில் வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேன் நகர, அவன் கையில் கிளவுஸோடு பின்னால் ஓடிவந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் சிரித்தேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று ஏற்றிக்கொண்டோம். ஏறியதும் அவனும் சிரித்தான். அடுத்த வருஷம் வந்த புதுப் பையனிடம் அவன் எப்படி நடந்துகொண்டான் என்று கேட்காதீர்கள்.

இது நம் மண்ணின் குற்றம் மட்டும் அல்ல. கனடாவில் கிரிக்கெட்டின் இடத்தில் இருப்பது பனி ஹாக்கி. அங்கே பதினாறு, பதினேழு வயதில் பையன்கள் வீட்டை விட்டுப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கி ஜூனியர் லீக் ஆடுகிறார்கள். அங்கும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். 2022-ல் நாடாளுமன்றக் குழு முன் ஹாக்கி கனடா அமைப்பு ஒப்புக்கொண்டது இது: 1989 முதல் பாலியல் புகார் சொன்ன 21 பேருக்கு 89 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்திருக்கிறார்கள். பெரும்பகுதி ஒரு தனி நிதியிலிருந்து போனது. அந்த நிதியில் பையன்களின் பதிவுக் கட்டணமும் சேர்ந்திருந்தது. மகனைப் பனியில் இறக்கிவிட்ட ஸ்கார்பரோ தமிழர் கட்டிய பணமும் அப்படி ஒரு கணக்குக்குத்தான் போயிருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் தலைமை அதிகாரியும் நிர்வாகக் குழுவும் வெளியேறினார்கள். அந்தப் புயலைக் கிளப்பிய 2018 பாலியல் வன்முறைப் புகாரில் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து வீரர்களையும் 2025 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. தனி வழக்கு என்ன ஆனாலும், அப்படி ஒரு நிதியை வைத்திருந்தார்கள் என்பது மாறாது. அங்கே தேடினால் அந்தக் கணக்காவது கிடைத்தது. நம் லீக் கிளப்புகளில் அப்படி ஒரு நோட்டே கிடையாது.

திருத்துகிறேன் என்று நம் கிரிக்கெட் வாரியம் இறங்கும்போது என்ன செய்கிறது? 2019-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பெண்களைப் பற்றிக் கொச்சையாகப் பேசினார்கள் என்று பாண்டியாவுக்கும் கே.எல்.ராகுலுக்கும் ஆளுக்கு 20 லட்சம் அபராதம் விதித்தார்கள். ஆம், நடராஜனுக்கு விருதைக் கொடுத்த அதே பாண்டியாதான். கெட்டவர், நல்லவர் என்று ஆளைப் பிரித்தால் இந்த விஷயம் புரியாது. பணத்தில் பாதி உயிரிழந்த துணை ராணுவக் காவலர்களின் மனைவியருக்கு, பாதி பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்தப் பேச்சு எந்த அறையில் பழகியதோ அந்த அறையின் கதவு திறக்கவே இல்லை. 2025 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் தோற்ற கையோடு, பத்து விதிகள் வந்தன. அதில் ஒன்று, 45 நாளுக்கு மேற்பட்ட பயணமானாலும் குடும்பம் இரண்டு வாரம்தான் உடன் இருக்கலாம் என்றது. பண்பாட்டை மாற்றுவதாகச் சொல்லி, வீட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்!

என் கணக்கில் கோளாறு ஒழுக்கத்தில் இல்லை. சோறு போடுகிறவரும் டீமில் போடுகிறவரும் ஒரே ஆளாக இருப்பதில் இருக்கிறது. ரூம், ஷூ, ரயில் டிக்கெட், செலக்‌ஷன் எல்லாம் ஒருவர் கையில் இருக்கும்போது, அவரே தவறு செய்தால் பையன் யாரிடம் போவான்? அந்த ஒருவர் தங்கமானவராக அமைவது அதிர்ஷ்டம், நடராஜனுக்கு அமைந்தது. அதிர்ஷ்டத்தை ஏற்பாடு என்று சொல்லமுடியாது. புகார் எண், பயிலரங்கு, சுவரொட்டி எல்லாம் வைக்கட்டும். சாப்பாட்டையும் செலக்‌ஷனையும் வேறு வேறு கையில் பிரிக்காமல் அவை காகிதம்தான்.

அதனால்தான் வாழப்பாடியில் 2020-ல் திறந்த மைதானத்தையும், சின்னப்பம்பட்டியில் 2023-ல் நடராஜன் கட்டித் திறந்த மைதானத்தையும் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். பிட்ச் நன்றாக இருக்கிறதா, அடுத்த நடராஜன் வருவாரா என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் கேட்கட்டும். அங்கே ஆடுகிற பையன் பொழுது சாய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். இன்றைக்கு உங்கள் பையைத் தூக்கமாட்டேன் அண்ணா என்று அவன் சொல்லிவிட்டாலும், ராத்திரி அவனுக்கு அம்மா கையால் சோறு உண்டு.