அமுக்காத கை

காவிரியில் வெள்ளம். பூம்புகாரிலிருந்து மகளுக்குப் பேறு பார்க்கக் கிளம்பிய தாய் அக்கரையில் நிற்கிறாள். நிறைமாத ரத்னாவதி இக்கரையில் வலியில் துடிக்கிறாள். சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார், தாயுமானவர் ஆனார் என்கிறது தலபுராணம். திருச்சி மலைக்கோட்டையின் சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் இன்றும் நடக்கிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. கதையில் எனக்கு ஒரே குறை: மகளின் இடுப்பை அவர் எப்படி நீவிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லியிருக்கலாம். ரசிக்க வேண்டிய கலை அது. புத்தூர், உறையூர்ப் பக்கம் வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்குக் கைதேர்ந்த ஒரு பாட்டி எண்ணெய் தேய்ப்பதைக் கவனியுங்கள். மல்லாக்கப் படுக்க விடமாட்டாள். இடப்பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கருப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும் என்ற பாடத்தை அவள் படித்ததில்லை. மல்லாந்தால் பெண்ணுக்குத் தலை சுற்றும் என்பதைப் பார்த்திருக்கிறாள். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வாள். பிறகு நடுமுதுகிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து பக்கவாட்டுக்கு நீவல். வயிறு முன்தள்ளி முதுகு வளைய, இடுப்பெலும்பின் தசைநார்களும் தளர்ந்துவிட, வலியெல்லாம் வந்து தங்குவது அங்கேதான். அங்கு மட்டும் உள்ளங்கையின் அடிப்பகுதி சற்று அழுந்தும்.

வயிற்றுக்கு வந்ததும் கை மாறிவிடும். தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுக்கும் கரண்டி போல, பட்டும் படாமலும் ஓடும். கெண்டைக்காலிலும் அப்படித்தான். கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் என்பதால் காலை அழுத்திப் பிசைவது ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டுப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். குழந்தையைத் திருப்புகிறேன் என்று வயிற்றைப் பிசையும் கைகளை நான் கலையில் சேர்ப்பதில்லை.

இந்த எண்ணெய் நீவலால் என்ன கிடைக்கும்? முதுகுவலி குறைகிறது, மனப்பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் மயாமியில் டிஃபானி ஃபீல்ட் 1992-இல் தொடங்கிய தொடுகை ஆய்வு நிறுவனம் இதில் முன்னோடி. பிரசவமே சுலபமாகிவிடும் என்பதற்கு அந்த அளவு சான்று இல்லை. இரவில் நன்றாகத் தூங்குவதே நிறைமாதத்தில் சின்ன வரமா என்ன? தமிழக அரசின் மகப்பேறு சஞ்சீவி சித்த மருந்துப் பெட்டகத்திலும் மேலுக்குத் தேய்க்கும் தைலங்கள் இருக்கின்றன.

உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் தொடுகை தெரிகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வியோலா மார்க்ஸும் எமெசெ நாகியும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் தன் வயிற்றைத் தடவியபோது சிசுக்கள் கையையும் தலையையும் வாயையும் கூடுதலாக அசைத்தன. தாயின் குரலுக்கு அவ்வளவு அசைவு இல்லை. நாம் வயிற்றோடு பேசுவதையே பெரிதாக நினைக்கிறோம்.

இப்போது பல வீடுகளில் அந்தப் பாட்டிகள் இல்லை. கணவன்மார்தான் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆண்பிள்ளைக் கைக்கு அமுக்கினால்தான் வேலை செய்த திருப்தி. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். போதுமா என்று நீங்கள் கேட்க வேண்டாம், அவளே சொல்வாள்.