வழக்கம் யாருடையது?

போன வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். சாதி மறுப்புத் திருமணம் நடத்தி வைப்பவர்கள் என்று யாரோ எங்களைக் கை காட்டியிருக்கிறார்கள். "எங்களுக்கும் மாலை மாத்தி வெச்சு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுங்கக்கா" என்றாள் இளையவள். என்னிடம் பதில் இல்லை. கூட இருந்த தோழரிடம் இருந்தது. "கல்யாணமே சாதியக் காப்பாத்துற ஏற்பாடு. அதுக்குள்ள எதுக்குங் போய் உக்காரணும்?" (அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.)

தோழர் சொன்னது பாதி அம்பேத்கர். அகமணத்தால்தான் சாதி நிற்கிறது என்று 1916-லேயே அவர் காட்டிவிட்டார். 1934-ல் பம்பாயில் கார்வேயின் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழ் மீது ஆபாச வழக்கு வந்தபோது வாதாடியவரும் அவரேதான். அந்த இதழ் பதில் சொன்ன வாசகர் கேள்விகளில் ஓரினச்சேர்க்கை பற்றியதும் இருந்தது. வழக்குத் தோற்றது. இந்தப் பாதியை நாம் மேடையில் பேசுவதில்லை.

பெண் யாரோடு வாழ்வது என்பதைச் சாதியே தீர்மானிக்கும் மண் இது. 2015 ஜூனில் கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனது திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலையிலிருந்து. பாதி ஆண், பாதி பெண்ணாய் நிற்கிற சாமியின் கோயிலில் ஒரு தலித் பையன் கவுண்டர் வீட்டுப் பெண்ணோடு பேசியது குற்றமாகிப்போச்சு. 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கர். வேறு ஆணைத் தேர்ந்தெடுத்தாலே இந்தக் கதி. ஆணே வேண்டாம் என்கிற பெண்ணைச் சாதி சும்மா விடுமா? முறைமாமனுக்குக் கட்டிவைத்துக் கணக்கை முடிக்கும்.

2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமையல்ல என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு, திருமணம் அரசுக்கு முந்தியது, சமூகத்திலும் வழக்கத்திலும் பிறந்தது என்கிறது. இங்கேதான் எனக்குச் சண்டை. யாருடைய வழக்கம்? டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்ததும் வழக்கம்தான். அந்த வழக்கத்தை ஒதுக்கித்தான் 1967-ல் தமிழ்நாடு 7ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அய்யர் வேண்டாம், தீ வேண்டாம், புரிகிற மொழியில் இருவர் சொல்லிக்கொண்டால் போதும். எந்த இரண்டு இந்துக்களுக்கும் பொருந்தும் என்று தொடங்குகிற அந்தப் பிரிவு, கணவன் மனைவி என்ற சொற்களில் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று அதே சட்டத்தை விரித்துப் படித்தது. படிக்க மனசிருந்தால் படிக்கலாம்.

காகிதத்தில் என்ன இருக்கிறது என்கிறார்கள். பெண்ணைக் காணோம் என்று வீட்டார் புகார் கொடுத்த ஸ்டேஷனில் போய் நின்று பார்க்கட்டும். பதிவுச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் அங்கே குரல் இறங்கும். இரண்டு பெண்களிடம் அது இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இருவரை 2021-ல் காப்பாற்றியது, தன் அறியாமையை ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் பாடம் கேட்ட ஒரு நீதிபதி, ஆனந்த் வெங்கடேஷ். எல்லாருக்கும் அப்படி நீதிபதி வாய்ப்பாரா? வேலை, இடஒதுக்கீடு முதலில் என்று கேட்கிற தலித் திருநங்கைத் தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்பவளை வரிசையில் வா என்று சொல்ல முடியாது.

ஒரே பாலின இணையரையும் ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்த இருவருக்கும் மனு எழுத உட்கார்ந்தோம். 'உறவுமுறை' என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் மனு இன்னும் என் பையில்தான் இருக்கிறது.